பன்னிரண்டாம் அறைக் கதவின் மூடி

பதினோரு மணி ஆக இன்னும் எட்டு நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டாம் அறைக் கதவின் மூடி திறந்து மூடிய சத்தம் கேட்டது.

சத்தம் ஒன்றும் புதிதல்ல. சிறையின் அந்த பிளாக்கில் ஒவ்வொரு அறைக் கதவிலும் முக உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதித்திருக்கும். கண்ணாடிக்கு மேல், வெளிப்பக்கம், தூக்கிப் பார்க்க ஒரு இரும்பு மூடி. தூக்கும்போது ஒரு கிரீச், விடும்போது ஒரு டக். உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடும் என்று சந்தேகப்படும் கைதிகளை வார்டர் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அப்படித் தூக்கிப் பார்த்து, கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் தாளில் நேரத்தையும், உட்கார்ந்திருக்கிறார், படுத்திருக்கிறார் என்று ஒரு வரியையும் எழுத வேண்டும். நாளெல்லாம் கிரீச், டக். வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதத்தில் அவளுக்கு அது காதிலேயே விழுவதில்லை. இன்று விழுந்ததற்குக் காரணம், பக்கத்தில் தன் அறை வாசலில் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நடைபாதை முழுவதும் தெரிந்தது. நடைபாதையில் யாருமே இல்லை. வார்டர் அந்தக் கோடியில், கம்பிக் கதவை ஒட்டி நாற்காலி போட்டு, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய்ப் பார்த்தாள். மூடி சாத்தித்தான் இருந்தது. ஆனால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தாளில் கடைசி வரி பத்தே முக்காலுக்கு எழுதியது. ஜன்னலே இல்லாத நடைபாதை அது. காற்றில் ஆடியது என்று சொல்லவும் வழியில்லை. பினாயில் வாசமும், அதற்கு அடியில் எப்போதும் இருக்கும் ஈரத்துணி வாசமும்தான் அங்கே காற்று.

இந்தப் பக்கம் யாராவது வந்தார்களா என்று வார்டரிடம் கேட்டாள். இங்கே வரவேண்டும் என்று யாருக்கு மேடம் ஆசை என்று அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

அவள் அந்தச் சிறையின் மனநலப் பிரிவில் உதவி உளவியலாளர். பெயர்தான் பெரிது. கைதியை உட்காரவைத்து, படிவத்தில் இருக்கும் இருபத்தொரு கேள்வியைக் கேட்டு, கட்டங்களில் டிக் அடித்து, கடைசியில் 'காரணம்' என்ற தலைப்பின் கீழ் விட்டிருக்கும் இரண்டு வரியில் தன் கருத்தை எழுதி, சீனியர் மேடத்தின் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். வார்டர்கள் அவளுக்கு 'டிக் மேடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அம்மாவோ, தன் மகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். தினமும் ஜெயிலுக்குப் போகிற பெண்ணை எவன் வந்து கட்டுவான் என்பது அக்காவின் கேலி. முழு உளவியலாளர் ஆவதற்கான பயிற்சிக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை சொந்தமாக யோசித்துக் கையாண்ட ஒரு கேஸைக் காட்டு என்று சீனியர் மேடம் சொல்லியிருந்தார். அந்தக் கேஸுக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

அன்று அவள் எதிரே வந்து உட்கார்ந்தவர் அந்தப் பன்னிரண்டாம் அறைக்காரர். சிறையின் தையல்கூடத்தில் வேலை செய்வதால் எல்லோருக்கும் அவர் தையல்காரர். நெற்றியில் பெரிய கட்டு. போன வாரம் தலையைக் கதவில் மோதி மோதி ரத்தம் வரவழைத்துக்கொண்டார். விடுதலைக்கு இன்னும் பத்தொன்பதே நாள் இருக்கிற மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்பது யாருக்கும் விளங்கவில்லை.

தூக்கம் எப்படி, பசி எப்படி என்று அவள் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது கேள்வியில் அவர் குறுக்கிட்டார்.

"என்னை ஒருத்தர் பாக்கறாங்க மேடம்."

"வார்டர் பாப்பாரு. அது உங்க பாதுகாப்புக்குத்தான்."

"வார்டர் இல்ல மேடம். அவரு பாத்துட்டுப் போனதுக்கும் மறுபடி வர்றதுக்கும் நடுவுல."

"அது வார்டர் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வார்டர் கண்ணு இமைக்கும்."

அவர் அதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சட்டைக்குப் பொத்தான் எத்தனை என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு நிதானமாக விவரமும் சொன்னார். முதலில் நாளைக்கு ஒரு முறைதான் மூடி திறந்தது. பிறகு அடிக்கடி. மனிதர் யாராவது வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் கொஞ்ச நேரம் அது வருவதில்லை, கல்லைக் கண்ட நாய் மாதிரி தள்ளிப் போய்விடுகிறது. அதனால்தான் தலையை மோதிக்கொண்டாராம். மோதிக்கொண்டால் கண்காணிப்பில் போடுவார்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மனிதக் கண் வரும். தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம் என்று கேட்டார்.

அவள் எழுதினாள். இரண்டே வரிதான் இடம். தொடர்ந்து கண்காணிக்கப்படுவதாக அச்சம். கண்காணிப்பே பதற்றத்தைத் தூண்டுகிறது. இடைவெளியை ஒரு மணி நேரமாக உயர்த்தலாம். வெட்டித் தைத்தமாதிரி அளவாக உட்கார்ந்தது. மறுநாள் புதன்கிழமை காலை சீனியர் மேடம் அதைப் படித்துவிட்டு அவளைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடாத குறை. இதைத்தான் எதிர்பார்த்தேன், யோசித்து எழுதியிருக்கிறாய் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவள் மனதுக்குள் பயிற்சி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே போனாள்.

வியாழன் அவளுக்கு வேறு சிறையில் வேலை. வெள்ளிக்கிழமை பதினொன்றேகாலுக்கு பிளாக்குக்குள் நுழைந்ததும் வார்டர் புகார்ப் பட்டியலோடு நின்றார். தையல்காரர் சாப்பிடவில்லை. காகிதத்தை நனைத்துக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவைத்தார், கிழித்தெறிந்தோம், மறுபடி ஒட்டினார், மறுபடி கிழித்தோம். வெளியே வரவும் மாட்டேன் என்கிறார்.

அவள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அறைக்குள் யாரும் இல்லாததுபோல இருந்தது. பிறகுதான் கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில், கதவுக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பது புரிந்தது. குரல் அவள் முழங்கால் அருகிலிருந்து வந்தது.

"நான் சொன்னதை எழுதினீங்களா மேடம்?"

"எழுதினேன்."

"அப்புறம் ஏன் பாக்கறதை நிறுத்திட்டாங்க?"

அவள் கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய தாளைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரிதான் இருந்தது.

"இப்ப அது போறதே இல்ல மேடம். நேத்து கண்ணாடிக்கு ரொம்பக் கிட்ட இருந்துச்சு. இன்னிக்கு அது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கோன்னு தோணுது."

மூடியை விட்டாள். அது உடனே விழவில்லை. ஒரு நொடி அப்படியே நின்றது, பிறகு டக்கென்று விழுந்தது. கீல் துருப்பிடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நோயாளியின் பயம் நம்மைத் தொற்றக்கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அவள் முறைப்படிதான் நடந்தாள். அலுவலகத்துக்குப் போய்ப் பன்னிரண்டாம் அறையின் கோப்பை எடுத்தாள். அந்தச் சிறையில் கண்காணிப்புத் தாள்களை ஆள்வாரியாக வைப்பதில்லை, அறைவாரியாகத்தான் வைப்பார்கள். ஆள் மாறிக்கொண்டே இருப்பான், அறை மாறாது என்று ஒரு கணக்கு. அதனால் தையல்காரருக்குக் கீழே அவருக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்களின் தாள்களும் இருந்தன. அவள் இதுவரை அவற்றைப் புரட்டிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் என்ன இருந்தது?

ஒரு லாரி டிரைவர். ஒரு கல்லூரி வாத்தியார். ஒரு சமையற்காரர். மூன்று பேர், மூன்று வெவ்வேறு வருடம், படிவத்தை நிரப்பியவர்களும் மூன்று வெவ்வேறு உதவி உளவியலாளர்கள். மூன்று கையெழுத்திலும் ஒரே வாசகம். தொடர்ந்து கண்காணிக்கப்படுவதாக அச்சம். இடைவெளியை உயர்த்தலாம். அதற்குப் பின்னால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரியாகக் கண்காணிப்புத் தாள். படுத்திருக்கிறார். படுத்திருக்கிறார். மூன்றாம் நாள், அறைகளைப் பூட்டிவைக்கும் மதிய அடைப்பு முடியும் இரண்டு மணிக்கு, மூவருக்கும் கடைசி வரி ஒன்றே. அசைவில்லை.

புதன், வியாழன், வெள்ளி என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். இன்று மூன்றாம் நாள். மணி பதினொன்று நாற்பது.

செல்போன் வாசலில் லாக்கரில் இருந்தது. அலுவலகத் தொலைபேசியில் சீனியர் மேடத்தைப் பிடித்தாள். அவர் வெளியூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். இரண்டு நாளில் கருத்தை மாற்றினால் நாளைக்கு நம்மை யார் மதிப்பார்கள், திங்கட்கிழமை பேசலாம் என்றார். அவள் கெஞ்சினாள். பழைய தாள்களைப் பற்றிச் சொன்னாள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று அவர் கேட்டார். படிவத்தின் முதல் இரண்டு கேள்விகள் அவை.

டியூட்டி ஆபீசர் கொஞ்சம் பரவாயில்லை. அவசரம் என்றால் தானே கண்காணிப்பைக் கூட்ட முடியும், ஆனால் எழுத்தில் வேண்டும், மதிய அடைப்பு முடிந்து இரண்டு மணிக்குக் கொண்டுவா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இரண்டு மணி. அவள் ஒரு படிவத்தையும் எழுதும் அட்டையையும் எடுத்துக்கொண்டு பிளாக்குக்கு ஓடினாள்.

பன்னிரண்டு முதல் இரண்டு வரை எல்லா அறையும் பூட்டு. அந்த நேரத்தில் ஒரே வார்டர் இரண்டு பிளாக்கைப் பார்ப்பார். நீங்கள் பார்க்காவிட்டால் போகிறது, நானே நின்று பார்க்கிறேன் என்று அவள் சொன்னதும் அவர் கேலியை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"கம்பிக் கதவைப் பூட்டிட்டா ரெண்டு மணி வரைக்கும் வெளிய வர முடியாது மேடம். ஒரு மணிக்குத் தாள் எழுத வருவேன், அவ்வளவுதான். யோசிச்சுக்குங்க."

"யோசிச்சாச்சு."

பூட்டு விழுந்தது. அவருடைய பூட்ஸ் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடுத்த பிளாக்கின் சத்தங்களோடு கலந்துவிட்டது. குழல்விளக்கின் ரீங்காரமும், எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும், பூட்டிய அறைகளுக்குள் ஆண்கள் புரண்டு படுப்பதும், ஒருவர் இருமி அடக்கிக்கொள்வதும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டன. அவள் பன்னிரண்டாம் அறையின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் முகம் வைத்தாள்.

"நான் இங்கதான் நிக்கறேன். ரெண்டு மணி வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டேன். நீங்க படுங்க."

கதவடியிலிருந்து அவர் மெல்ல எழுந்தார். கண்ணாடி வழியாக அவளையே பார்த்தார். அவள் இமைக்கிறாளா என்று பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. வேண்டுமென்றே இரண்டு முறை இமைத்துக் காட்டினாள். அவர் முகம் கோணி, அழப்போகிற குழந்தையைப் போல ஆனது. பிறகு அவர் கட்டிலில் சுருண்டுகொண்டார். ஐந்து நிமிடத்தில் குறட்டை வந்தது. அந்தக் குறட்டையைக் கேட்டு அவள் அழுதாள். மூன்று நாளாகத் தூங்காத மனிதரின் குறட்டை அது, அவர் தூக்கத்தைப் பிடுங்கியது தன்னுடைய இரண்டு வரி.

கை வலித்தது. கை மாற்றினாள். பன்னிரண்டரை. பன்னிரண்டே முக்கால். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இரண்டு முறை தோன்றியது. இரண்டு முறையும் திரும்பவில்லை, கண்ணை எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளே. ஒரு மணிக்கு வார்டர் வந்து பார்த்தார், நன்றாகத்தானே தூங்குகிறார், நீங்கள்தான் மேடம் வெளுத்துப்போயிருக்கிறீர்கள் என்றார். தூங்குகிறார் என்று தாளில் எழுதிவிட்டுப் போனார். மறுபடி பூட்டு.

இப்போது எழுத வேண்டும். ஒரு கையால் மூடியைப் பிடித்தபடி அட்டையைக் கதவில் சாய்த்து, ஒரு கண் உள்ளேயும் ஒரு கண் தாளிலுமாக எழுத ஆரம்பித்தாள். இந்த முறை தன் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம், அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். வார்டர் கண் இமைக்கும் என்கிறார். மனிதர் பார்த்தால் அது தள்ளிப் போகிறது என்கிறார். அதற்குள் இரண்டு வரியும் முடிந்துவிட்டது. ஓரத்தில் எழுதினாள். பின்பக்கம் திருப்பினாள், அங்கே அச்சடித்த விதிமுறைகள். வெறுந்தாள் வேண்டும்.

வெறுந்தாள் அவளுடைய அறையில், மேசையின் மேலேயே இருந்தது. அவளுடைய அறை என்பது பக்கத்து அறைதான். ஒரு காலத்தில் பதின்மூன்றாம் அறை, கட்டிலை எடுத்துவிட்டு மேசை போட்டிருந்தார்கள். ஐந்து எட்டு தூரம். போக ஐந்து, வர ஐந்து. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மணி ஒன்று இருபது.

மூடியை விட்டாள். ஓடினாள். உள்ளே நுழைந்தாள். தாளை எடுத்தாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வேறு யாரும் சாத்தவில்லை. நுழையும்போது அவளேதான் இழுத்துவிட்டிருந்தாள். வார்டர் கண்ணில் படாத நேரத்தில் எந்த அறைக்குள் போனாலும் கதவை உன் பின்னால் சாத்து என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று மாதமாக அவள் கை அதைப் பழகியிருந்தது. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. உள்பக்கம் கைப்பிடி கிடையாது, தட்டினால் வார்டர் வந்து வெளியிலிருந்து திறந்துவிடுவதுதான் வழக்கம்.

தட்டினாள். இரண்டு உள்ளங்கையாலும் அடித்தாள். வார்டரைக் கூப்பிட்டாள். அடுத்த பிளாக்கில் ஏதோ பாத்திரம் உருண்டது. யாரும் வரவில்லை. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். கைதிகள் யாரும் குரல் கொடுக்கவில்லை. கதவை அடித்துக் கத்துகிற சத்தம் அங்கே யாருக்கும் புதிதில்லை.

கிரீச்.

அவள் கதவின் மூடி.

நன்றி கடவுளே என்று வாய்வரை வந்துவிட்டது. வார்டர் வந்துவிட்டார். பூட்ஸ் சத்தம் கேட்கவில்லையே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

கண்ணாடியில் ஒரு கண்.

கண்ணாடி முழுவதும் அந்தக் கண்தான். அதைச் சுற்றி முகம் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. ஈரமாக இருந்தது. அவளைப் பார்த்தது. அவள் மேசைவரை பின்வாங்கினாள். அதுவும் கூடவே நகர்ந்து பார்த்தது.

இமைக்கவில்லை.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உயிரே போவதுபோன்ற அந்த நேரத்திலும் மூளையின் ஒரு மூலை வேலை செய்தது. அது இங்கே இருக்கிறது. இங்கே இருந்தால் அங்கே இல்லை. இங்கே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவர் தூங்கலாம். இன்னும் அரை மணி நேரம். அரை மணி நேரம் இதை இங்கேயே நிறுத்திவைத்தால் போதும்.

பார். கண்ணை எடுக்காதே. பார்.

பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை. வெறுந்தாள் கையில் கசங்கியது. ஒரு நிமிடம். இரண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை சீராகக் கேட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது அவளுக்கு. தூங்குங்க. நான் பாத்துக்கறேன். தூங்குங்க.

கிரீச்.

வெளியே. பன்னிரண்டாம் அறை.

அவள் எதிரே இருந்த கண் அசையவே இல்லை.

குறட்டை நின்றது. கட்டில் முனகியது. தூக்கக் கலக்கத்தில், சுவரைத் தாண்டி, தையல்காரரின் குரல் வந்தது. பயமே இல்லாத குரல்.

"மேடம்? நீங்கதானே?"

இல்லை என்று கத்த வாயைத் திறந்தாள். கத்திக் கத்திப் புண்ணான தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. சுவரை அடிக்கக் கையைத் தூக்கினாள். கை வரவில்லை. கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் சற்று நேரம் அமைதி. யாரோ பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு.

"சரி மேடம்" என்றார் அவர்.

கட்டில் மறுபடி முனகியது. அவர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.